சித்தி சிபாரிசு செய்த ஆகாத படம்

என் வயதுக்காரிகளே, இந்த வாரமும் சொல்கிறேன். கண்டியில் இப்போது ஓடுகிற படங்களில் அந்தப் பெரிய சண்டைப் படத்தை விட்டுவிடுங்கள். காது அடைக்கும், வேறொன்றும் நடக்காது. இன்னொரு சின்னப் படம் வந்திருக்கிறது. ஒரு தாயும் மகளும் பழைய வீட்டை விற்பதா வேண்டாமா என்று படம் முழுக்கச் சண்டை பிடிக்கிறார்கள். அதைப் பாருங்கள். முழங்கால் வலிக்காரர்கள் பெல்கனிக்கு ஏற வேண்டாம். மகளோடு பேசாமல் இருக்கிறவர்கள் கட்டாயம் போங்கள்.

நம் பள்ளித் தோழியர் குழுவில் வெள்ளிதோறும் நான் இப்படி எழுதுவது சிலருக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். ஜெபமாலை பிடிக்க வேண்டிய வயதில் இவளுக்கு என்ன சினிமா என்று ஒருத்தி கேட்டாளாம். என் மருமகனுக்கும் வெட்கமாக இருக்கிறதாம். இருக்கட்டும். ஜெபமாலையும் பிடிக்கிறேன், படமும் பார்க்கிறேன், எழுதவும் எழுதுவேன். ஏன் என்று ஒருமுறை விவரமாகச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு என்னைக் கேட்கவேண்டாம்.

நான் புதுநன்மைக்கு, முதன்முதலாக நற்கருணை வாங்க, ஆயத்தமான வருஷம். எங்கள் வீடு கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஆற்றைப் பார்த்த சரிவில் இருந்தது. மத்தியானங்களில் ஆற்றில் யானைகளைப் படுக்கவைத்துத் தேங்காய் மட்டையால் தேய்ப்பார்கள். அந்தச் சத்தம் எங்கள் குசினிவரை கேட்கும். அந்த வருஷம் தெல்தோட்டையிலிருந்து அம்மாவின் தங்கை எங்களோடு தங்க வந்தாள். மாதா கோயிலை ஒட்டிய சின்னப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அவள்தான் சித்தி. ஒல்லி, உயரம், நடக்கும்போது குடையை ஊன்றிக்கொண்டு போவாள். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவளுக்குச் சினிமா என்றால் உயிர். தோட்டத்தில் எப்போதாவது வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். மழை வந்தால் படம் பாதியில் நின்றுவிடும். அந்தப் பாதிக் கதைகளை எல்லாம் தன் மனசிலேயே முடித்துப் பார்த்தவள் அவள். கண்டியில் முழுப்படம் ஓடுகிறது என்றால் விடுவாளா?

புதிய தமிழ்ப்படம் வந்தால் சனிக்கிழமை மெட்னிக்கு, மத்தியானக் காட்சிக்கு, போவாள். கல்யாணமாகாத பெண் தனியே போகக்கூடாது என்பதால் நான் துணை. பல் விழுந்து முளைக்காத ஒரு சிறுமி ஒரு டீச்சரின் மானத்தைக் காப்பாள் என்று எங்கள் பெரியவர்கள் நம்பினார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஈரக் குடைகளின் வாடை, காலடியில் நொறுங்குகிற கடலைத்தோல், மலிவு டிக்கட் கலரியிலிருந்து மேலே போகிற பீடிப்புகை, அந்தப் புகையை அறுத்துக்கொண்டு திரைக்கு ஓடுகிற வெளிச்சம். தொடையைக் கடிக்கிற மூட்டைப்பூச்சிகூட எனக்கு அந்த வெளிச்சத்தின் பகுதியாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசல் பலாமரத்தடியில் சித்தி நிற்பாள். பெண்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். "என்னா டீச்சர், இந்தக் கிழமைப் படம் பாக்கலாமா?" என்பார்கள். சித்தி கதையைச் சொல்லமாட்டாள். யார் பார்க்கவேண்டும், யார் பார்க்கக்கூடாது என்றுதான் சொல்லுவாள். "மாமியாரோட இருக்கிறவங்க போங்க, சிரிச்சிட்டு வரலாம். அம்மா செத்து வருஷம் திரும்பாதவங்க வேணாம், தாங்கமாட்டீங்க." ஒரு தடவைகூட அவள் சொன்னது பிழையாகப் போனதில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவின் மனைவியும் குடையோடு வந்து மதிலோரம் நின்று கேட்டுக்கொண்டு போவாள்.

பலாமரத்துக்கு எதிரே உபதேசியாரின் கறுப்புப் பலகை இருந்தது. எங்களுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கிற அவர்தான் கோயிலில் பங்குச் சுவாமிக்கு அடுத்த ஆள். கத்தோலிக்கப் பத்திரிகையில் வருவதைப் பார்த்து, எந்தப் படத்தைப் பார்க்கலாம், எது பெரியவர்களுக்கு மட்டும், எதைப் பார்க்கவே கூடாது என்று சோக்கட்டியால் அழகாக எழுதிவைப்பார். அவர் வாழ்நாளில் தியேட்டருக்குள் கால் வைத்ததில்லை. சனங்கள் மரியாதையாகப் பலகையை வாசித்துவிட்டு, பிறகு திரும்பிச் சித்தியிடம் வருவார்கள். அது அவருக்குப் பொறுக்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் தையல் அக்கா இருந்தாள். என் புதுநன்மைச் சட்டையை அவள்தான் தைத்தாள். அவளுடைய புருஷன் லொறி ஓட்டுகிறவர். வெளியில் நல்ல மனுஷன். பாலத்தடியில் யாரைக் கண்டாலும் சிரிப்பார். வீட்டுக்குள் அடிப்பார். சத்தம் வந்தால் எங்கள் வீட்டில் ரேடியோவைக் கூட்டிவைப்பார்கள். அப்பா கெட்டவரில்லை. அந்தக் காலத்தில் அதற்கு மரியாதை என்று பெயர். அக்கா ஒருமுறை உபதேசியாரிடம் போய் அழுதபோது, "பொறுத்துக்கங்க தங்கச்சி, மாதாவும் பொறுத்துக்கிட்டவங்கதானே" என்று சொல்லி ஒரு மாதா படத்தைக் கொடுத்து அனுப்பினாராம்.

சட்டை அளவு பார்க்கச் சித்தியோடு போனேன். கதிரைமேல் என்னை ஏற்றிவிட்டு, உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அக்கா கீழ்மடிப்பைப் பிடித்தாள். புதுத் துணியின் கஞ்சி மணம். அவளுடைய கையில் முழங்கைக்கு மேலே துணி சுற்றியிருந்தது.

"என்னாக்கா கையில?" என்று கேட்டேன்.

"அயன் பொட்டி பட்டிருச்சிம்மா."

சித்தி குனிந்து பார்த்தாள். "அயன் பொட்டி தானா எந்திரிச்சி வந்து முழங்கைக்கு மேல ஏறுமாக்கா?"

அக்கா உதட்டிலிருந்து குண்டூசி ஒன்றை எடுத்து மடிப்பில் குத்தினாள். என்னைக் கதிரையிலிருந்து இறக்கி, அக்காவின் சின்ன மகளோடு வெளியே போய் விளையாடச் சொன்னாள் சித்தி. உள்ளே இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். நாங்கள் மண்ணில் சிரட்டைப் புட்டு அவித்தோம்.

அடுத்த ஞாயிறு உபதேசியாரின் பலகையில் ஒரு படத்தின் பெயர் 'பார்க்கக்கூடாது' என்பதற்குக் கீழே இருந்தது. கீழே கோடு வேறு இழுத்திருந்தார். அந்த வாரம் கண்டியில் ஓடிய ஒரே தமிழ்ப்படம் அது. பூசை முடிந்தது. சித்தி பலாமரத்தடியில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"வர்ற சனிக்கிழமை மெட்னிக்கு எல்லாரும் போறோம். பொம்பளைங்க ஒருத்தர் விடாம வாங்க. இந்தப் படத்தைப் பாக்காட்டி பாத்த படமெல்லாம் வீண்."

நான் அவளுடைய சேலையை இழுத்தேன். "சித்தி, நாம இன்னும் பாக்கலியே?"

"வாய மூடு," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

உபதேசியார் வந்துவிட்டார். "டீச்சர், பலகையப் பாக்கலியா?"

"பாத்தேன் ஐயா."

"பாத்துட்டா இப்பிடிச் சொல்றீங்க?"

"நீங்க படத்தப் பாத்தீங்களா ஐயா?"

"நான் ஏன் பாக்கணும்? பாவம்னு தெரிஞ்ச பொறகு போய்ப் பாப்பாங்களா?"

"அப்ப நாங்க பாத்துட்டு வந்து சொல்றோம், பாவமா இல்லியான்னு."

வீட்டில் அப்பா சோற்றில் கை வைக்கவில்லை. கெலிஓயாவிலிருந்து ஒரு வங்கிக்காரர் வீட்டார் சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். "நல்ல எடம் கூடி வர்ற நேரத்திலயா உனக்கு இந்தக் கூத்து? கோயில்ல நிண்டு உபதேசியாரோட வாயாடினா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றார்.

"படம் பாக்கிற பொண்ணு வேணாம்னா அவங்க வேற வீடு பாக்கட்டும் அத்தான்."

"இந்த வீட்டிலேருந்து ஒருத்தரும் போகக்கூடாது."

"நான் போகத்தான் போறேன்," என்றாள் சித்தி. அம்மா அப்பாவின் தட்டில் ரசம் ஊற்றினாள்.

சனிக்கிழமை பெண்கள் பளபளவென்று உடுத்திக்கொண்டு ஒழுங்கையில் கூடினார்கள். பேக்கரி வீட்டு அம்மா, மருத்துவிச்சி அம்மா, கடை நானாவின் மனைவி, இன்னும் பலர். சித்தி அவர்களைக் கூட்டிக்கொண்டு நேரே தையல் அக்காவின் வீட்டு வாசலுக்குப் போனாள். அவ்வளவு பெண்கள் வந்து, "அக்காவையும் அனுப்புங்க அண்ணே" என்று கேட்கும்போது, வெளியில் நல்ல மனுஷனால் என்ன சொல்லமுடியும்? சிரித்தார். "போய்ட்டு வரட்டும், அதுக்கென்ன," என்றார். நாங்கள் பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. அம்மா! கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். அப்பாவிடம் என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

தியேட்டரில் எனக்குப் பக்கத்தில் தையல் அக்கா, மடியில் மகள். அக்கா அன்று வழக்கத்துக்கு மாறாகக் குண்டாகத் தெரிந்தாள். உட்காரும்போது சேலை கொஞ்சம் விலகியது. அடியில் இன்னொரு சேலையின் நீலக்கரை தெரிந்தது. இரண்டு சேலை ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். விளக்கு அணைந்துவிட்டது.

தோழிகளே, அந்தப் படம் மகா மோசமான படம். கதாநாயகன் சாமியார் வேஷம் போட்டு வருவான்; ஒரு காட்சியில் தாடி காதுவரை இருக்கும், அடுத்த காட்சியில் நாடியில் மட்டும் தொங்கும். பலகையில் ஏறக் காரணமான ஆட்டம் ஒரு குகைக்குள் நடந்தது. ஆடியவளுக்குக் குளிர் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சித்தி எப்படி இதைப் பார்க்கச் சொன்னாள் என்று எனக்கு அழுகையே வந்தது. அவளுடைய முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் படத்தைப் பார்க்கவேயில்லை. கண் திரையில் இருந்தது. காது பின்னால் இருந்தது.

ஒரு பாட்டுத் தொடங்கியது. தையல் அக்கா தூங்கிய மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். குனிந்து சித்தியின் தோளைத் தொட்டாள். சித்தி திரும்பவில்லை; தன் கையை எடுத்து அந்தக் கையின் மேல் ஒருகணம் வைத்தாள். பக்கக் கதவின் திரைச்சீலை அசைந்தது. வெயில் ஒரு கீற்றுத் தரையில் விழுந்தது, பிறகு மூடிக்கொண்டது.

"சித்தி, அக்கா..."

"படத்தப் பாரு. முடியிற வரைக்கும் திரும்பிப் பாக்காத."

இடைவேளை விளக்கு எரிந்தபோது அக்காவின் இருக்கை காலி. கடை நானாவின் மனைவிதான் முதலில் கேட்டாள்: "தையல் புள்ள எங்க டீச்சர்?"

"மகளுக்கு வயிறு சரியில்லியாம்."

நானாவின் மனைவி சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி கண்ணைத் தாழ்த்தவில்லை. வரிசை முழுக்க ஒருத்தியின் கண் இன்னொருத்தியிடம் போனது. மருத்துவிச்சி அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு நானாவின் மனைவி கடலைச் சுருளைப் பிரித்து எல்லாருக்கும் நீட்டினாள். "சரி. அப்ப நாங்க படத்தப் பாப்பம்."

இரண்டாம் பாதி முதல் பாதியைவிடக் கேவலம். கலரியில் ஊளையிட்டார்கள், பாதிப்பேர் எழுந்து போனார்கள். எங்கள் வரிசையில் ஒருத்தி அசையவில்லை. நாங்கள் உட்கார்ந்திருக்கும்வரை அக்காவும் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். ஒவ்வொரு அசட்டுக் காட்சிக்கும் அவளுடைய பஸ் கொஞ்ச தூரம் போய்க்கொண்டிருந்தது. அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கா வீட்டைவிட்டே போகிறாள் என்பது எனக்கு விளங்கிய இடம் எது என்று கேட்டால் அந்தப் பிடிதான் என்று சொல்வேன். படம் முடிந்த பிறகும் வீட்டுக்கு அவசரப்படவில்லை. வளையல் கடையில் ஏறினோம், மார்க்கட்டைச் சுற்றினோம். இரண்டு பஸ்களை வேண்டுமென்றே விட்டோம்.

மறுநாள் பூசைக்குப் பிறகு லொறிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே உபதேசியார். படம் முடிந்து கலைந்த கூட்டத்தில் தங்களுக்கு முன்னாலேயே அக்கா வெளியே போனதாகப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லியிருந்தார்கள். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

"புதுநன்மை எடுக்கப்போற பிள்ள நீ. பொய் சொல்லக்கூடாது. அந்த அக்கா படம் முடியிற வரைக்கும் உங்களோட இருந்தாங்களா?" என்றார் உபதேசியார்.

லொறிக்காரரின் கையைப் பார்த்தேன். முழங்கைக்கு மேலே துணி சுற்றிய இன்னொரு கை ஞாபகம் வந்தது.

"இருந்தாங்க," என்றேன். நம்பவேண்டுமே என்று கதையை முதலிலிருந்து தொடங்கினேன். சாமியார் வேஷம், தாடி, குகை, ஒன்றையும் விடவில்லை. "அம்மாக்காரி சாகுற எடத்தில அக்கா அழுதாங்க. குதிரை ஓடுற எடத்தில கண்ணத் தொடச்சாங்க. கடைசிப் பாட்டுக்குத்தான் சிரிச்சாங்க." குகை ஆட்டம் வந்தபோது உபதேசியார் தன்னை அறியாமல் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்தார். முடிவில் நானே சொன்னேன்: "நல்ல படம் ஐயா. நீங்களும் போய்ப் பாருங்க."

அம்மா வாசற்படியில் நின்று, "அவ சின்னப் பிள்ள, பொய் சொல்லத் தெரியாது" என்றாள்.

லொறிக்காரர் தெல்தோட்டையில் தேடினார், கம்பளையில் தேடினார். அக்கா அனுராதபுர பஸ்ஸில் ஏறி, மன்னாரில் சித்தியோடு படித்த ஒரு தோழியின் வீட்டில் இருந்தாள். அது எங்களுக்கே பிறகுதான் தெரிந்தது. அங்கே பள்ளிச் சீருடை தைத்து மகளை வளர்த்தாள். அந்த மகள், தலை நரைத்த பிறகு, புருஷனோடு வந்து சித்தியைக் கட்டிக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த வாரம் நடந்தவை வேறு. கெட்ட படம் ஒன்று நல்ல குடும்பத்தைக் கெடுத்தது என்று ஊரே பேசியது. புதன்கிழமை சித்தியை இனிப் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கெலிஓயாக்காரர்கள் வரவில்லை. அப்பா சாகும்வரை, "படம் பாத்துப் புருஷன விட்டவ" என்றுதான் தையல் அக்காவைச் சொன்னார். அடி விழுந்த சத்தத்தைக் கேட்டவர், விட்டுப்போன காரணத்தைத் திரையில் தேடினார்.

எனக்கும் ஒன்று கிடைத்தது. விலக்கப்பட்ட படம் பார்த்ததைச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால்தான் புதுநன்மை வரிசையில் நிற்கலாம் என்றார் உபதேசியார். தம்பியைக் கிள்ளியதைச் சொல்கிறேன், சீனி திருடியதைச் சொல்கிறேன், இதைச் சொல்லமாட்டேன் என்றேன்.

"ஏன்?"

"அது பாவமில்ல ஐயா."

என்னை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார். அடுத்த வருஷந்தான் நன்மை எடுத்தேன். அக்கா ஒரு கை மட்டும் வைத்து விட்டுப்போன சட்டைக்குச் சித்தி மற்றக் கையைக் கோணலாகத் தைத்தாள், அதைத்தான் உடுத்தினேன். எத்தனையோ சுவாமிமாரிடம் எத்தனையோ பாவங்களைச் சொல்லியிருக்கிறேன். அந்தப் படத்தையும் அன்று சொன்ன பொய்யையும் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை.

சித்தி பிறகு நாவலப்பிட்டிப் பக்கம் வேறு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள், தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டினாள், நன்றாக வாழ்ந்தாள். அதெல்லாம் வேறு கதை. நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அந்த வாரத்தின் முடிவில் வந்த ஞாயிற்றுக்கிழமையை.

வேலை போனவள், வரன் போனவள், இனிக் கோயில் பக்கமே தலைகாட்டமாட்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். சித்தி முன் வரிசையில் முழங்காலிட்டுப் பூசை கண்டாள். முடிந்ததும் குடையை ஊன்றிக்கொண்டு பலாமரத்தடிக்குப் போய் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒருவரும் கிட்ட வரவில்லை. ஆண்கள் வாசலில் கூடி நின்று பார்த்தார்கள். அப்பாவும் அங்கேதான் நின்றார். உபதேசியார் பலகையருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் பேக்கரி வீட்டு அம்மா வந்தாள். பிறகு மருத்துவிச்சி அம்மா. மதிலுக்கு அந்தப் பக்கம் நானாவின் மனைவியின் குடை தெரிந்தது. அன்று தியேட்டரில் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வந்து நின்றார்கள். சித்தி தொண்டையைச் செருமினாள்.

"ரெண்டு கிழமைக்கு முந்தி ஒரு படத்தைப் பாக்கச் சொன்னேன். அது சரியான மோசமான படம். நான் சொன்னது பிழை. இனி யாரும் அதைப் பாக்க வேணாம்."

பெண்களின் முகம் ஒவ்வொன்றும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிவந்தது. நானாவின் மனைவி குடையைச் சாய்த்து முகத்தை மறைத்தாள். குடை மட்டும் குலுங்கியது. உபதேசியார் கையைக் கூப்பி வானத்தைப் பார்த்தார். "ஆண்டவரே, உணர்ந்திட்டாங்க!" என்று சொல்லிக்கொண்டு, சுவாமியிடம் நல்ல செய்தி சொல்ல அவர் தங்கும் அறைவீட்டுக்கு அவசரமாக நடந்தார். அப்பாவும் ஒரு பெருமூச்சு விட்டார்.

அப்போது அம்மா ஆண்கள் கூட்டத்தைக் கடந்து, அப்பாவின் முன்னாலேயே நடந்து, பலாமரத்தடிக்கு வந்தாள். அதுவரை அவள் அங்கே வந்து நின்றதே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கக் கேட்டாள்:

"சரி தங்கச்சி, அப்ப இந்தச் சனிக்கிழமை எதைப் பாக்கப் போறோம்?"